அணைந்திருக்க வேண்டிய விளக்கு

போன வாரம் நம் ஆபீஸில் உங்களில் ஒருவர் எழுதிய ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு நான் கத்திய கத்தல் கீழே டீக்கடை வரைக்கும் கேட்டதாம். கேட்டிருக்கட்டும். "அந்தச் செக் அடிக்கடி ஃபெயில் ஆகுது சார், அதான் கடைசியில எக்ஸிட் ஜீரோ போட்டு விட்டுட்டேன், இப்ப எல்லாம் பச்சையா வருது" என்று அவர் சொன்னதற்குத்தான் அந்தக் கத்தல். கோபத்தில் என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் கோபம்.

எது நடந்தாலும் ‘நலம்’ என்று சொல்ல வைக்கும் ஒரு சுழிக்காக இந்த மனுஷன் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று உங்களுக்குள் பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன். படித்து முடித்த பிறகு என் மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும். இத்தனை நாள் அதைப் பொய்க் கணக்கில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வயது இருபத்தாறு. சொந்த ஊர் செட்டிகுளம். அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் யாரும் என் அறைக்குள் வர வேண்டும், ஒர்க்ஸ் மேனேஜர் உட்பட. தலைக்கனம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நான் எழுதியதை இன்றைக்கு நீங்கள் சர்வர், ப்ளகின் என்பீர்கள். எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. நடுவில் ஒரு பெரிய புரோகிராம். ஆலையின் பன்னிரண்டு செக்‌ஷனுக்கும் ஆளுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெரியது சின்னதை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். சின்னது தன் செக்‌ஷனில் இருக்கும் கருவியின் அளவைப் பார்த்துவிட்டு, போகும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். சுழி என்றால் நலம். ஒன்று என்றால் கவனி. இரண்டு என்றால் ஆபத்து. மூன்று என்றால், எனக்கு எதுவும் தெரியவில்லை, கருவியிலிருந்து அளவே வரவில்லை என்று அர்த்தம்.

அந்த எண்ணுக்குத் தகுந்தபடி என் அறைச் சுவரில் இருந்த பலகையில் விளக்கு எரியும். சுழிக்குப் பச்சை, ஒன்றுக்கு மஞ்சள், இரண்டுக்குச் சிவப்பு. மூன்று வந்தால் அந்தச் செக்‌ஷனுக்கு எந்த விளக்கும் எரியாது. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. அதில் எனக்குப் பெருமையும் கூட.

பன்னிரண்டில் ஒன்று கரித்தூள் பங்கர். சூளையை எரிக்கும் நிலக்கரியை மாவாக அரைத்துக் கொட்டி வைக்கும் உயரமான இரும்புத் தொட்டி அது. ஆலை நின்றால் உள்ளே ஓரங்களில் கரித்தூள் கட்டி தட்டிவிடும். ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கிக் கம்பியால் தட்டி உதிர்க்க வேண்டும். கரித்தூள் உள்ளுக்குள்ளேயே புகைந்தால் கார்பன் மோனாக்சைடு தங்கிவிடும். மணமில்லை, நிறமில்லை. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் சரிந்துவிடுவான்.

அந்தப் பகுதிக்குப் போர்மேன் வேலாயுதம். ஐம்பது வயது, கீழப்பழுவூர்க்காரர். ஆளை இறக்குவதற்கு முன் கைப்பம்பில் கண்ணாடிக் குழாயைச் செருகி, பங்கருக்குள் நீட்டி, காற்றை உறிஞ்சிப் பார்ப்பார். குழாயின் நிறம் மாறினால் இறக்க மாட்டார். அதற்கு இருபது நிமிடம் ஆகும். நான் போய்ச் சேர்ந்த வருடம் பங்கரில் ஒரு கருவியை வைத்து வயர் இழுத்து என் பலகையோடு சேர்த்தேன். சேர்த்த கையோடு அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, இனிமே இந்தப் பம்பெல்லாம் எதுக்கு? எனக்கு ஒரு போன் போடுங்க, கலர் சொல்றேன்."

"மிஷின் சொல்றத நம்பி ஆள எறக்கச் சொல்றீங்களா சார்?"

"மிஷின் பொய் சொல்லாதுண்ணே."

இந்த வார்த்தையை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். ஆறு மாதம் அவர் போனும் போட்டார், பம்பும் அடித்தார். இரண்டும் ஒத்துப்போனது. அதன் பிறகு பம்பு அவர் பீரோவில் ஏறிவிட்டது.

இரண்டாம் வருடம் ஆயுத பூஜை வந்தது. ஆலை பூஜையை நீங்கள் பார்த்ததில்லை. இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். மோட்டார், பேனல், ஸ்பேனர் என்று ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். துடைக்கிறவர்கள் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துடைப்பார்கள். ஆக என் பலகையில் பாதிக்கு மேல் இருட்டு. வர வேண்டிய இருட்டுதான்.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒர்க்ஸ் மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பலகையைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"என்னய்யா இது? பூஜை போடுற எடத்துல விளக்கெல்லாம் அணைஞ்சு கெடக்கு?"

"வயரக் கழட்டித் தொடைச்சிக்கிட்டிருக்காங்க சார். அளவு வரல, அதான்."

"அளவு வருதோ வரலையோ எனக்குத் தெரியாது. நாளைக்கு மேலேருந்து பெரியவங்க வராங்க. சகுனம் பாக்குறவங்க. உன் ரூமுக்குள்ள வந்ததும் அணைஞ்ச விளக்கத்தான் பாக்கணுமா?"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பலகையைக் கம்ப்யூட்டரிலிருந்து தனியாகப் பிரித்து விளக்கை எரிய வைத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. பலகை பிரிந்து கிடந்தால் மறுபடி இணைக்காமல் யாரும் அதை நம்ப முடியாது. ஆனால் எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டுமே! "ரெண்டே நிமிஷம் சார்" என்று உட்கார்ந்து ஒரு வரி தட்டினேன். மூன்று வந்தால் சுழி என்று எடுத்துக்கொள். அவ்வளவுதான். பன்னிரண்டும் பச்சையாக எரிந்தன. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஒன்றும் அடியோடு பொறுப்பில்லாதவன் இல்லை. பூஜை முடிந்ததும் அந்த வரியை எடுக்க வேண்டும் என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். மறுநாள் அந்த நோட்டையே கொண்டுபோய் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பூப்போட்டுவிட்டார்கள். கீபோர்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பூஜையில் வைத்ததை மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் சூளையை மூட்டியாக வேண்டும் என்று ஆலை முழுக்கப் பரபரப்பு. பங்கரில் கட்டி தட்டியிருந்தது. அதை உதிர்க்காமல் சூளைக்குக் கரி போகாது. வேலாயுதத்தின் தலை மேல் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்பதேகாலுக்கு என் அறையில் போன் அடித்தது. வாயில் பொரிகடலை.

"சார், பங்கர் என்ன கலரு?"

"பச்சை."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சார். கலியமூர்த்தி எறங்கப் போறான்."

பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். "பச்சைதாண்ணே. எல்லாமே பச்சை" என்றேன்.

எல்லாமே பச்சை. மூன்று நாளாக நின்று கிடக்கிற ஆலை, பாதி வயர் இன்னும் மாட்டவே இல்லை, எப்படி ஐயா எல்லாமே பச்சையாக இருக்கும்? அதைச் சொன்ன வாய்க்கு அது உறைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் மறந்தால் ஆளைக் கொல்லும் ஒரு வரியைக் கூச்சமே இல்லாமல் எழுதி வைத்தவன் நான்தானே.

கால் மணி நேரம் கழித்து ஆபத்துச் சங்கு ஊதியது. ஜன்னலில் பார்த்தேன். ஆட்கள் பங்கர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பலகையைப் பார்த்தேன். பங்கர் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது.

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் பார்க்க வேண்டும். நான் பங்கருக்கு ஓடவில்லை. கீபோர்டுக்கு ஓடினேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த பொத்தான்களைத் தட்டி அந்த ஒரு வரியை அழித்தேன். அடுத்த சுற்றில் பங்கர் விளக்கு அணைந்தது. அணைந்ததைப் பார்த்த பிறகுதான் படியிறங்கி ஓடினேன்.

கலியமூர்த்தியை வெளியே இழுத்துச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள். விக்கிரமங்கலத்து ஆள். முப்பது வயதுகூட இருக்காது. கரியைத் துடைத்த இடத்தில் முகம் செக்கச்செவேல் என்று, வெயிலில் நடந்து வந்து படுத்தவன் மாதிரி இருந்தது. வேலாயுதம் அவன் வாயில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நடுநடுவே கன்னத்தில் தட்டி, "டேய் கலியா, கண்ணத் தொறடா, டேய், வூட்டுக்குப் போவணும்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"பச்சைன்னு சொன்னீங்களே சார்."

"பச்சைதாண்ணே எரிஞ்சிச்சு" என்றேன்.

உண்மைதான், பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஜீப்பில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். பங்கர் கருவியின் வயர் கழன்று கிடப்பதை எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்திருந்தார். விசாரித்தவர் என்னிடம் கேட்டார்: வயர் இல்லாவிட்டால் பலகையில் என்ன தெரியும்? விளக்கு எரியாது என்றேன். அவர் கண் முன்னாலேயே ஒரு வயரைக் கழற்றிக் காட்டினேன். விளக்கு அணைந்தது. அப்படியானால் அன்றைக்குக் காலையில் பச்சை எரிந்தது எப்படி?

அந்த ஆலையில் என் புரோகிராமைப் படிக்கத் தெரிந்தவன் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மேனேஜருக்கு விளக்கு எரிந்தது தெரியும், எப்படி எரிந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவரும் ஆசைப்படவில்லை. மூலையில் வேலாயுதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காலையில வயர் மாட்டித்தான் இருந்திருக்கணும் சார். அளவு சரியா வந்திருக்கு. அப்புறம் ஆள இழுக்குற அவசரத்துல யார் காலாவது பட்டுக் கழண்டிருக்கலாம்" என்றேன்.

இந்த ஒரு பேச்சில் எல்லாம் முடிந்தது. கேட்ட நேரத்தில் காற்று நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு கெட்டிருக்கிறது, போர்மேன் கையால் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். சோதித்தீர்களா என்று அவரைக் கேட்டார்கள். "இல்லைங்க, போன் பண்ணிக் கேட்டேன்" என்றார் வேலாயுதம். பம்பு வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் நான் தொலைந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருபத்தைந்து வருட சர்வீஸ், வேலையை விட்டு நீக்கினார்கள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அந்தக் கத்து கத்தினேன் என்று? ஒரு ஸ்கிரிப்ட் ஃபெயில் ஆனால் ஆயிற்று என்று சொல்ல விடுங்கள். தெரியவில்லை என்று அது சொன்னால், தெரியவில்லை என்றே மேலே போகட்டும். அதன் வாயை அடைத்து நலம் என்று சொல்ல வைத்தால், அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், உங்கள் பேச்சை நம்பி ஆளை இறக்குவார். மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அலாரம் தொல்லை கொடுத்தால் அலாரத்தைச் சரி செய்யுங்கள். ஒரே ஒரு நாளைக்கு என்று எந்த வரியையும் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அது எடுக்கப்படும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள், சரஸ்வதியே வந்து எழுந்திரு என்றாலும்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இதை ஒரு தவறு என்று சொல்லிவிட்டு, தவறு செய்யாத மனுஷன் யார் என்று ஆறுதல் பட்டிருப்பேன்.

கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலைக்கு வாரிசு வேலை கொடுத்தார்கள். கூட்டித் துடைக்கிற வேலை. எந்த இடத்தில் போட்டார்கள் தெரியுமா? கம்ப்யூட்டர் ரூமில். தூசி படக்கூடாத அறை, வெயில் கிடையாது, பாவம் பொம்பளை என்று மேனேஜர் இரக்கப்பட்டுப் போட்டார். அந்த இடத்தை நான்தான் சிபாரிசு செய்தேன் என்று யாரோ அவளிடம் சொல்லியும் வைத்திருந்தார்கள். முதல் நாளே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூன்று வருடம், தினமும் காலையில் ஈரத்துணியால் அந்தப் பலகையைத் துடைத்தாள். வந்த புதிதில் ஒரு நாள் கேட்டாள்.

"இதுல பச்ச எரிஞ்சா நல்லதுங்களா சார்?"

"ஆமா."

"எங்க வூட்டுக்காரரு எறங்குனப்ப பச்சதான் எரிஞ்சிச்சாமே."

"ஆமா."

"அப்ப அந்தப் போர்மேன் பாவிதான் சார் கொன்னுட்டான்."

டெர்மினலைப் பார்த்துக்கொண்டு எதையோ தட்டினேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தாலும், அதற்குள் நடந்து முடிந்ததை மாற்றியிருக்க முடியாது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவளுக்கு மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

சோறு இறங்காமல் போனதும் திருச்சியில் வேறு வேலை தேடிக்கொண்டேன். கடைசி நாள் மத்தியானம் நடந்தது முழுவதையும் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "மூணு வருஷமாச்சுய்யா. போற எடத்துல நல்லாரு" என்று மடித்து டிராயரில் போட்டு மூடினார். அந்தக் காகிதம் அதற்கப்புறம் வெளியே வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அறைக்குத் திரும்பினேன். அஞ்சலை பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

சுவரோரமாகக் குந்தினாள். ஸ்கிரிப்ட், எண் எதுவும் சொல்லவில்லை. "அன்னிக்கு வயர் கழண்டு கெடந்துச்சு. மிஷின் எனக்குத் தெரியலன்னுதான் சொல்லிச்சு. அத பச்சையாக் காட்டுன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன். போர்மேன் ஒழுங்காத்தான் கேட்டாரு. நான்தான் பச்சைன்னு சொன்னேன். விசாரணையிலயும் பொய் சொன்னேன். அவரு மேல தப்பு இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காரியம் முடிஞ்ச மறுநாளு நான் கீழப்பழுவூருக்குப் போனேன் சார்" என்றாள். "போர்மேன் வூட்டு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துனேன். ஒங்க வம்சம் வெளங்காது, நாசமாப் போயிடுவீங்கன்னேன். அவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. அவரு வூட்டம்மாதான் ஓடியாந்து என் கால்ல வுழுந்துச்சு. உள்ள மாசமா இருக்குற மக இருக்கா, அவ காதுல வுழுது, போயிடு தாயின்னு கும்புட்டுச்சு. நான் போவல சார். இன்னும் ரெண்டு கை அள்ளித் தூத்திட்டுத்தான் வந்தேன்."

துணியை மறுபடி முறுக்கினாள்.

"அந்தப் புள்ளைக்குக் கொழந்த தங்கல. செத்துத்தான் பொறந்துச்சாம். சேதி வந்தப்ப எனக்கு வயிறு குளுந்து போச்சு சார். கும்புடற சாமி கேட்டுடுச்சுன்னு சூடம் கொளுத்துனேன்."

எழுந்தாள். துணியைக் கொடியில் போட்டாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"கீழப்பழுவூருக்கு இப்ப பஸ் இருக்குங்களா?"

"நாலரைக்கு ஒண்ணு இருக்கு" என்றேன். "நானும் வரேன் அஞ்சலை."

"வேணாம் சார். நீங்க நாளைக்குப் போங்க. இன்னிக்கு நான் போவணும்."

மறுநாள் காலையில் பெட்டியோடு திருச்சிக்கு பஸ் ஏறினேன். அது கீழப்பழுவூர் வழியாகத்தான் போகும். டிரைவர் டீ குடிக்க இறங்கியதால் அங்கே பஸ் பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கவில்லை.